11 முறை போட்ட போன்: நாடுகள் வானத்தைப் பங்கு போட்டுக்கொண்ட கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2002 ஜூலை 1. ராத்திரி பதினொன்றரை மணி தாண்டியாச்சு. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்ற ஊரில் ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம். அங்கே ரேடார் திரையில் ஒரு எச்சரிக்கை வருது. ரெண்டு விமானம், ரெண்டும் 36,000 அடி உயரத்தில், ஒரே புள்ளியை நோக்கிப் போய்க்கிட்டு இருக்கு. மோதுறதுக்கு சுமார் ரெண்டு நிமிஷம்தான் பாக்கி.

அந்த ரெண்டு விமானமும் பறக்கிறது ஜெர்மன் மண்ணுக்கு மேலே. எச்சரிக்கையைப் பார்த்த மையமும் ஜெர்மனியோடது. ஆனா அந்த விமானிகள்கிட்ட பேச அவங்களால முடியாது. காரணம், அந்த வானத்துண்டை அப்போ பார்த்துக்கிட்டு இருந்தது பக்கத்து நாடான சுவிட்சர்லாந்து. விமானிகள் கேட்டுக்கிட்டு இருந்தது ஜூரிக் மையத்தோட ஃபிரீக்வென்சியை. அதனால கார்ல்ஸ்ரூ கன்ட்ரோலர் ஜூரிக்குக்கு போன் போடறார். லைன் கிடைக்கலை. திரும்பப் போடறார். கிடைக்கலை. மொத்தம் 11 முறை. ஒரு தடவை கூட லைன் போகலை.

விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊர் பேர் ஊபர்லிங்கன். விமானத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பேரைச் சொல்வாங்க. பொதுவா இதை ரெண்டு விமானங்கள் மோதின கதையாத்தான் சொல்வாங்க. எனக்கு இது ரெண்டு நாடுகள் சேர்ந்து வேலை செய்த விதத்தைப் பற்றின கதையாவும் தெரியுது. ஒரு நாட்டோட வானத்தை இன்னொரு நாடு ஏன் பார்த்துக்கணும்? யார் சொல்லி? அந்த ஏற்பாடு எந்தக் காகிதத்தில் இருந்தது? இன்னைக்கு இதைத்தான் பார்க்கப் போறோம்.

வானத்துக்கும் எல்லை உண்டு

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகலாம். 1944 டிசம்பர். இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியலை. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 52 நாடுகள் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுது. போருக்கு அப்புறம் பயணிகள் விமானம் பெருகப் போகுது, அதுக்குப் பொது விதிகள் வேணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அந்த சிகாகோ உடன்படிக்கையோட முதல் பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே இருக்கிற வானத்தின் மீது முழு இறையாண்மை உண்டு. 28-வது பிரிவு, அந்த வானத்தில் பறக்கத் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டியதும் அந்தந்த நாடுதான்னு சொல்லுது. அதாவது உரிமையும் உன்னோடது, வேலையும் உன்னோடது.

இந்த உடன்படிக்கையில இருந்து பிறந்த அமைப்புதான் ஐகாவோ, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. உலகத்தோட வானம் மொத்தத்தையும், கடலுக்கு மேலே இருக்கிறதையும் சேர்த்து, துண்டு துண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு துண்டுக்கும் பேர் எஃப்.ஐ.ஆர். போலீஸ் ஸ்டேஷன்ல போடற எஃப்.ஐ.ஆர். இல்லை, இது ஃபிளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன்.

நீங்க சென்னையில இருந்து சிங்கப்பூர் போறீங்கன்னு வெச்சுக்குவோம். வங்காள விரிகுடா மேலே கொஞ்ச தூரம் வரைக்கும் உங்க விமானம் சென்னை கன்ட்ரோலர் பொறுப்பில் இருக்கும். அப்புறம் கோலாலம்பூர். அப்புறம் சிங்கப்பூர். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு கை மாற்றம் நடக்கும். இந்த விமானம், இந்த உயரம், இந்த நேரத்துக்கு உங்க எல்லைக்கு வரும்னு முன்கூட்டியே சொல்லணும். அந்தப் பக்கம் இருக்கிறவர் சரின்னு ஏத்துக்கணும். அதுக்கு அப்புறம் விமானியைப் புது ஃபிரீக்வென்சிக்கு மாத்தி விடுவாங்க. நீங்க படம் பார்த்துக்கிட்டோ தூங்கிக்கிட்டோ இருப்பீங்க. எதுவும் தெரியாது.

எந்த உயரத்தில் ஒப்படைக்கணும், எத்தனை நிமிஷ இடைவெளி வேணும், லைன் போச்சுன்னா என்ன பண்ணணும்னு பக்கத்து பக்கத்து மையங்கள் தங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் எழுதி வெச்சுக்கும். லெட்டர் ஆஃப் அக்ரிமென்ட்னு பேர். தலைவர்கள் கை குலுக்கி போட்டோ எடுத்துக்கிற ஒப்பந்தம் இல்லை இது. தினசரி வேலை இதை நம்பித்தான் ஓடுது.

20 நிமிஷத்தில் ஒரு நாடு

இந்த ஏற்பாடு இந்தியா மாதிரி பெரிய நாட்டுக்குச் சரி. ஐரோப்பாவில் ஒரு சிக்கல் இருந்தது. 1950-களின் கடைசியில் ஜெட் விமானங்கள் வந்தாச்சு. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போற விமானம் பெல்ஜியத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு சுமார் 20 நிமிஷத்தில் தாண்டிடும். லக்சம்பர்க்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கன்ட்ரோலர் விமானத்தை வரவேற்று முடிக்கிறதுக்குள்ள வழியனுப்ப வேண்டியதாயிடும்.

அதனால ஒரு யோசனை வந்தது. உயரத்தில் பறக்கிற விமானங்களுக்கு நாட்டு எல்லையே வேண்டாம், மேல் வானத்தை எல்லாரும் சேர்ந்து ஒரே அமைப்பா பார்த்துக்கலாம். 1960 டிசம்பர் 13 அன்னைக்கு பிரஸ்ஸல்ஸில் ஆறு நாடுகள் கையெழுத்துப் போட்டன: பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து, பிரிட்டன். அமைப்போட பேர் யூரோகன்ட்ரோல். 1963-ல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆனா கனவு முழுசா நடக்கலை. பிரான்ஸும் பிரிட்டனும் தங்கள் வானத்தைத் தாங்களே வெச்சுக்கிட்டாங்க. பனிப்போர் காலம், ராணுவ விமானம் பறக்கிற அதே வானம். அதோட கன்ட்ரோலை ஒரு பன்னாட்டு அலுவலகத்துக்குக் கொடுக்க எந்த ராணுவம் சம்மதிக்கும்? சின்ன நாடுகளுக்குத்தான் இதில் உண்மையான லாபம் இருந்தது. 1972-ல் நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்துப் பக்கத்தில் ஒரு மையம் வேலையைத் தொடங்கிச்சு. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், ஜெர்மனியின் வடமேற்குப் பகுதி, இந்த நாலுக்கும் மேலே 24,500 அடிக்கு மேல் போற விமானங்களை இன்னைக்கும் அந்த ஒரே மையம்தான் பார்த்துக்குது. நாலு நாட்டு வானம், ஒரே ஹால்.

நம்ம கதையில் வர்ற கார்ல்ஸ்ரூ மையமும் அதே கனவில் பிறந்ததுதான். 1970-களில் யூரோகன்ட்ரோல் தொடங்கி நடத்தின மையம் அது. அப்புறம் ஜெர்மனி தன் கைக்கு எடுத்துக்கிச்சு.

ஜெர்மனி கொடுத்த வானம்

இப்போ ஜூரிக். ஜூரிக் விமான நிலையம் ஜெர்மன் எல்லைக்கு ரொம்பக் கிட்ட இருக்கு. அங்கே இறங்குற பல விமானங்கள் தெற்கு ஜெர்மனி மேலே பறந்துதான் வரணும். எல்லைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ரெண்டு மையம் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டு இருந்தா குழப்பம்தான் மிஞ்சும். அதனால தெற்கு ஜெர்மனியின் ஒரு பகுதி வானத்தை சுவிஸ் கன்ட்ரோலர்களே பார்த்துக்கட்டும்னு ஏற்பாடு. இது பல பத்தாண்டுகளா ஓடிக்கிட்டு இருந்தது.

இதில் தப்பு எதுவும் இல்லை. ஒரு நாடு தன் வானத்தில் செய்ய வேண்டிய சேவையை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கலாம், இறையாண்மை அதனால் போயிடாதுன்னு ஐகாவோ விதிகளே சொல்லுது. உலகம் முழுக்க நடக்கிற விஷயம். இங்கே கேள்வி ஒண்ணுதான்: ஒப்படைச்சதை எப்படி ஒப்படைச்சாங்க? இதுக்கு அப்புறம் வர்றேன்.

அந்த ராத்திரி

ஒரு விமானம் ரஷ்யாவோட டியூ-154. மாஸ்கோவில் இருந்து பார்சிலோனா போகுது. பாஷ்கிரியன் ஏர்லைன்ஸ். உள்ளே 69 பேர். பெரும்பாலும் பிள்ளைங்க, உஃபா நகரத்துப் பள்ளி மாணவர்கள், ஸ்பெயினுக்கு விடுமுறைச் சுற்றுலா போறாங்க. மாஸ்கோவில் முதலில் போக வேண்டிய விமானத்தைத் தவற விட்டதால, அவங்களுக்காகத் தனியா ஏற்பாடு செய்த விமானம் இது. இன்னொண்ணு டிஹெச்எல் நிறுவனத்தோட போயிங் 757 சரக்கு விமானம். இத்தாலியில் பெர்கமோவில் இருந்து பிரஸ்ஸல்ஸ் போகுது. அதில் விமானிகள் ரெண்டு பேர் மட்டும்.

ஜூரிக் மையத்தை நடத்தினது ஸ்கைகைடு என்ற சுவிஸ் நிறுவனம். அன்னைக்கு ராத்திரி ஷிப்டில் ரெண்டு கன்ட்ரோலர். ஒருத்தர் ஓய்வு எடுக்கப் போயிட்டார். ராத்திரி கூட்டம் குறைஞ்சா ஒருத்தர் மட்டும் இருக்கிறது அங்கே வழக்கமாவே ஆயிடுச்சு. நிர்வாகத்துக்கும் தெரியும், வருஷக்கணக்கா கண்டுக்காம விட்டாங்க.

மீதி இருந்த ஒருத்தர் ரெண்டு திரை, ரெண்டு ஃபிரீக்வென்சி, ரெண்டையும் பார்க்கிறார். அதே ராத்திரி சிஸ்டத்தில் பராமரிப்பு வேலை வேற. அதனால மோதல் வரப் போகுதுன்னு திரையில் காட்டற எச்சரிக்கை வேலை செய்யலை. பக்கத்து மையங்களோட பேசற முக்கிய போன் லைனையும் நிறுத்தி வெச்சிருந்தாங்க. மாற்று லைன் ஒண்ணு இருந்தது. அதில் கோளாறு.

இந்த நேரம் பார்த்து, தாமதமா வந்த ஒரு ஏர்பஸ் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் விமான நிலையத்தில் இறங்கணும். அதுவும் ஜெர்மனிதான், அதுவும் ஜூரிக் பொறுப்புதான். அந்த நிலையத்துக்குத் தகவல் சொல்ல கன்ட்ரோலர் போன் போடறார். போகலை. மறுபடி போடறார். இவர் இங்கிருந்து ஒரு போன் போட முடியாம திணறிக்கிட்டு இருக்கிற அதே நிமிஷத்தில், கார்ல்ஸ்ரூவில் இருந்து ஒருத்தர் இவருக்கு போன் போட முடியாம திணறிக்கிட்டு இருக்கார்.

ரெண்டு விமானமும் கிட்ட வந்துடுச்சுன்னு இவர் கவனிச்சப்போ மோதலுக்கு 43 விநாடிதான் இருந்தது. உடனே ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார்.

இப்போ இன்னொரு விஷயம். ரெண்டு விமானத்திலும் டிகாஸ் என்ற கருவி இருந்தது. பக்கத்தில் விமானம் வந்தா ரெண்டு கருவிகளும் தங்களுக்குள்ள பேசி, ஒண்ணை ஏறச் சொல்லும், இன்னொண்ணை இறங்கச் சொல்லும். எந்த நாட்டு எல்லையும் அதுக்குத் தெரியாது. 1996-ல் ஹரியானாவில் சர்க்கி தாத்ரி மேலே ரெண்டு விமானம் மோதி 349 பேர் இறந்தாங்க இல்லையா, அதுக்கு அப்புறம்தான் இந்தியாவில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கினாங்க.

கன்ட்ரோலர் இறங்கச் சொன்ன ஏழே விநாடியில், டிகாஸ் ரஷ்ய விமானத்தை ஏறச் சொல்லுது. போயிங்கை இறங்கச் சொல்லுது. போயிங் விமானிகள் கருவி சொன்னபடி இறங்கினாங்க. ரஷ்ய விமானிகள் முன்னாடி இப்போ ரெண்டு கட்டளை: மனுஷன் இறங்குன்னு சொல்றார், கருவி ஏறுன்னு சொல்லுது. கன்ட்ரோலர் மறுபடியும் சீக்கிரம் இறங்குங்கன்னு சொல்றார். அவங்க இறங்கினாங்க. ரெண்டு விமானமும் சேர்ந்து இறங்குச்சு.

71 பேரும் இறந்து போனாங்க.

யார் சொல்றதைக் கேட்கணும்?

மனுஷனா, கருவியா? அந்தக் கேள்விக்கு அப்போ உலகம் முழுக்க ஒரே பதில் கிடையாது. ரஷ்ய நிறுவனத்தோட கையேடு கன்ட்ரோலருக்கு முக்கியத்துவம் கொடுத்தது. மேற்கத்திய நிறுவனங்களில் கருவிக்கு முதலிடம்னு பயிற்சி கொடுத்திருந்தாங்க. ஐகாவோ விதிகளே தெளிவா இல்லை. 17 மாசத்துக்கு முன்னாடி, 2001 ஜனவரி 31 அன்னைக்கு, ஜப்பானில் இதே மாதிரி நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸோட ரெண்டு விமானம், கன்ட்ரோலர் சொன்னது ஒண்ணு, கருவி சொன்னது இன்னொண்ணு. மயிரிழையில் தப்பிச்சாங்க. ஆனா அந்தப் பாடம் ஒரு விதியா மாறி எல்லா நாட்டுக்கும் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி ஊபர்லிங்கன் நடந்துடுச்சு.

2003 நவம்பரில் ஐகாவோ விதியைத் திருத்திச்சு: டிகாஸ் சொன்னா அதைத்தான் கேட்கணும், கன்ட்ரோலர் வேற மாதிரி சொன்னாலும். இன்னைக்கு நீங்க ஏறுற எந்த விமானத்தின் விமானிக்கும் இதுதான் விதி. அந்தப் பிள்ளைங்களுக்கு அது வந்து சேரலை.

விபத்து நடந்த நாட்களில் சுவிஸ் தரப்பில் இருந்து ரஷ்ய விமானிகள் மேலேதான் கை நீட்டினாங்க. 2004 மே மாசம் ஜெர்மன் விசாரணைக் குழுவோட அறிக்கை வந்தது. ஆள் குறைவு, போன், பராமரிப்பு வேலை பற்றி கன்ட்ரோலருக்குச் சரியாத் தெரிவிக்காதது எல்லாம் அதில் வந்தது. ஆனா அதுக்கு மூணு மாசம் முன்னாடியே, அந்த ராத்திரி தனியா உட்கார்ந்திருந்த கன்ட்ரோலர் கொல்லப்பட்டார். விபத்தில் மனைவியையும் ரெண்டு குழந்தைகளையும் இழந்த ஒரு தகப்பன், ஜூரிக் பக்கத்தில் அவர் வீட்டு வாசலிலேயே அவரைக் குத்திக் கொன்னார்.

இதைப் பற்றிப் படம் எல்லாம் வந்திருக்கு, பழிவாங்கும் கதையா. எனக்கு அதில் வேற ஒண்ணு தெரியுது. ஒரு அமைப்பு தன் பொறுப்பைத் தெளிவா ஏத்துக்காதப்போ, மொத்தப் பழியும் கடைசியா மைக் முன்னாடி இருந்த ஒருத்தர் மேலே போய் விழுது. 2007 செப்டம்பரில் சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைடு ஊழியர்கள் நாலு பேரைக் குற்றவாளிகள்னு சொன்னது. அதில் மூணு பேர் மேலாளர்கள். அந்தத் தீர்ப்பு வர்றப்போ கன்ட்ரோலர் உயிரோட இல்லை.

காகிதம் எங்கே?

இப்போ நான் தள்ளி வெச்ச கேள்விக்கு வர்றேன். ஜெர்மனி தன் வானத்தை சுவிட்சர்லாந்துக்கு எப்படி ஒப்படைச்சது?

விமானத்தை இழந்த பாஷ்கிரியன் ஏர்லைன்ஸ் ஜெர்மன் அரசு மேலே வழக்குப் போட்டது. நல்லாக் கவனிங்க, சுவிஸ் மேலே இல்லை, ஜெர்மனி மேலே. 2006 ஜூலையில் கான்ஸ்டன்ஸ் நகர நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு அரசோட வேலை, இறையாண்மை சம்பந்தப்பட்ட வேலை. அதை வெளிநாட்டுக்குக் கொடுக்கணும்னா முறைப்படி ஒரு ஒப்பந்தம் வேணும். அப்படிச் செல்லுபடியாகிற ஒப்பந்தம் இந்த ரெண்டு நாடுகளுக்கு நடுவில் இல்லவே இல்லை. அதனால அந்த வானத்தில் நடந்ததுக்கு ஜெர்மனி பொறுப்பு.

பல பத்தாண்டுகளா, தினமும் எத்தனையோ விமானங்கள் அந்த ஏற்பாட்டை நம்பிப் போயிருக்கு. கன்ட்ரோலர்களுக்குள்ள புரிதல் இருந்தது. நடைமுறை இருந்தது. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய காகிதம் மட்டும் இல்லை. நம்ம வீடுகளில் அண்ணன் தம்பி நிலத்தை வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரிச்சு, முப்பது வருஷம் சண்டையே இல்லாம உழுதுக்கிட்டு இருப்பாங்க. ஒரு பிரச்சினை வந்து தாலுகா ஆபீஸுக்குப் போனாத்தான் பட்டா யார் பேரில் இருக்குன்னு தெரியும். அது மாதிரி.

இந்தத் தீர்ப்பு வந்த அதே வருஷம் அக்டோபரில் இன்னொரு திருப்பம். ஜெர்மனி தன் விமானக் கட்டுப்பாட்டு நிறுவனத்தைத் தனியார் மயமாக்க ஒரு சட்டம் கொண்டு வந்தது. அப்போதைய ஜனாதிபதி ஹோர்ஸ்ட் கோலர், இது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாதுன்னு கையெழுத்துப் போட மறுத்துட்டார். கடைசியில் 2009-ல் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்திச்சு. ஐரோப்பிய சட்டப்படி அங்கீகாரம் வாங்கின வெளிநாட்டு நிறுவனங்களும் இந்த வேலையைச் செய்யலாம்னு 87-டி பிரிவில் சேர்த்தாங்க. 2010 டிசம்பரில் பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆறும் சேர்ந்து வானத்தைக் கூட்டா நிர்வகிக்க ஒரு முறையான ஒப்பந்தம் போட்டாங்க. 1960-ல் கையெழுத்துப் போட்ட ஆறில் பிரிட்டன் போய் சுவிட்சர்லாந்து வந்திருக்கு, பாருங்க. அதே கனவு, ஐம்பது வருஷம் கழிச்சு.

நம்ம பக்கத்து வானம்

இது ஐரோப்பாவோட மட்டும் நிக்கலை. நான் முன்னாடி சொன்ன அந்த சிங்கப்பூர் பக்கத்து வானத்தையே எடுத்துக்குங்க. இந்தோனேசியாவோட ரியாவ் தீவுகளுக்கு மேலே இருக்கிற வானத்தை 1946-ல் இருந்து சிங்கப்பூர்தான் பார்த்துக்குது. அப்போ சிங்கப்பூர் பிரிட்டிஷ் காலனி. சுதந்திரம் வாங்கின இந்தோனேசியாவுக்கு இது பல பத்தாண்டுகளா உறுத்தல். எங்க தீவுக்கு மேலே எங்க விமானம் பறக்க இன்னொரு நாட்டுக்கிட்ட ஏன் கேட்கணும்னு அவங்க கேட்டது நியாயம்தானே?

2022 ஜனவரியில் ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டன. 2024 மார்ச் 21-ல் அது நடைமுறைக்கு வந்தது. எல்லைக் கோட்டை மாத்தி வரைஞ்சு, அது இந்தோனேசிய வானம்தான்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. அதே சமயம் சாங்கி விமான நிலையத்தைச் சுற்றின குறிப்பிட்ட பகுதியில் 37,000 அடி வரைக்கும் சேவை செய்யற பொறுப்பை இந்தோனேசியா 25 வருஷத்துக்கு சிங்கப்பூருக்கு ஒப்படைச்சிருக்கு. எந்த இடம், எந்த உயரம், எத்தனை வருஷம், எல்லாம் எழுத்தில் இருக்கு. தினசரி அங்கே விமானத்தைப் பார்த்துக்கிறதில் பெரிய மாற்றம் எதுவும் பயணிக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு ஏதாவது நடந்தா, யார் பொறுப்புன்னு நீதிமன்றத்தில் போய்த் தேட வேண்டியதில்லை.

எனக்கு இந்தக் கதையில் திரும்பத் திரும்ப மனசுல நிக்கிறது அந்த 11 கால்தான். கார்ல்ஸ்ரூவில் இருந்தவருக்கு ஆபத்து தெரிஞ்சது. யாருக்குச் சொல்லணும்னும் தெரிஞ்சது. அது தன் பொறுப்பில் இல்லாத வானம்னு அவர் சும்மா உட்காரலை. நாடுகள் ஒண்ணா வேலை செய்யறதுக்கு வேண்டிய மனசு அங்கே இருந்தது. அதுக்கு வேண்டிய லைனை வேலை செய்யற நிலையில் வெச்சிருக்கிறது, அந்தப் பக்கம் எடுக்கிறதுக்கு இன்னொரு ஆளை உட்கார வைக்கிறது, மேலே இருக்கிறவங்க செய்ய வேண்டிய வேலை. அதை அவங்க செய்யலை.

அடுத்த தடவை ராத்திரி விமானத்தில் போறப்போ, கீழே எங்கேயோ ரெண்டு நாட்டுல ரெண்டு பேர் உங்க விமானத்தோட பேரைச் சொல்லிப் பேசிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் கொடுக்கிறார், ஒருத்தர் வாங்கிக்கிறார். நிம்மதியாத் தூங்குங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.